குடல், காது, பேரிக்காய்: அமெரிக்கத் தெற்கில் ஒரு சாப்பாட்டுச் சுற்று

நவம்பர் 26, செவ்வாய் – ஷெல்பி, வட கரோலினா

தம்பி சார்லட்டில் வீடு வாங்கிப் பல வருஷம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்கள் என்னடா சாப்பிடுவார்கள் என்று கேட்டால் பீட்சா, பர்கர் என்கிறான். அது எங்கே போனாலும் கிடைக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்றேன். "அதெல்லாம் நமக்கு ஆகாதுக்கா. குடல், காது, காலுன்னு ஒரே கண்றாவி." சொல்வது யார்? ஞாயிற்றுக்கிழமை மதுரை நெல்பேட்டையில் ஆட்டுக்குடல் வாங்கி வர முதல் ஆளாகச் சைக்கிளை எடுத்தவன்.

ஒரு வாரம் லீவு போட வைத்தேன். முதலில் ஷெல்பி. சார்லட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊர் நடுவே பழைய நீதிமன்றக் கட்டடம். பாஞ்சோ வாசித்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இந்தப் பக்கத்துக்காரர் என்பதால் அவர் பெயரில் அங்கே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் தம்பியைக் கிளப்பினேன். நான் போனது லிவர்மஷ்ஷுக்காக.

பன்றி ஈரலும் தலைக்கறியும் வேகவைத்து அரைத்து, சோளமாவு, மிளகு, சேஜ் இலை சேர்த்துக் கிண்டி, கட்டியாக இறுகவிட்டு, செங்கல் வடிவில் விற்கிறார்கள். இந்த மாநிலத்தின் மேற்குப் பக்கத்தைத் தாண்டினால் பலருக்குப் பெயரே தெரியாது. பென்சில்வேனியாவிலிருந்து தெற்கே இறங்கிவந்த ஜெர்மானியக் குடியேறிகளின் பழக்கம் என்கிறார்கள். 1987 முதல் ஷெல்பியில் இதற்கு ஒரு திருவிழாவும் நடக்கிறது. அது அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

காலைச் சாப்பாட்டுக் கடை. பரிமாறிய பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும்; "ஹனி", "ஸ்வீட்டி" என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். லிவர்மஷ் என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "முன்னாடி சாப்பிட்டிருக்கியா?" என்றார். இல்லை என்றதும், "அப்ப நல்லா மொறுமொறுன்னு போடச் சொல்றேன். மெத்துன்னு இருந்தா உனக்குப் பிடிக்காது" என்று உள்ளே போனார். இரும்புச் சட்டியில் விரல் கனத்துக்கு வறுத்த இரண்டு துண்டுகள், முட்டை, கிரிட்ஸ் என்கிற வெள்ளைச் சோளக்கஞ்சி, காபி. பத்து டாலருக்குள் முடிந்தது.

நிறம் சாம்பல். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஒரு குறையும் இல்லை. மேலே பொரிந்த சோளமாவு, உள்ளே மிளகு வாசத்தோடு ஈரல். ஈரல் வறுவல் தின்று வளர்ந்தவர்களுக்கு இது பச்சைப்பிள்ளைச் சாப்பாடு. கடுகுச் சாந்து தொட்டுக்கொண்டேன். பக்கத்து மேஜைத் தாத்தா திராட்சை ஜாம் தடவிக்கொண்டிருந்தார், அதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தம்பி எதிரே உட்கார்ந்து பேக்கனும் முட்டையும் சாப்பிட்டான்.

"அது மட்டும் பன்னி இல்லையாடா?"

"அது வேறக்கா."

நவம்பர் 27, புதன் – தென் கரோலினா எல்லை

எல்லை தாண்டினால் பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு. பங்க்கில் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு மின்சாரப் பானைகளில் வேர்க்கடலை கொதித்துக்கொண்டிருந்தது, ஒன்றில் வெறும் உப்பு, மற்றதில் காரம். தோலோடு மணிக்கணக்காக உப்புத் தண்ணீரில் வேகவைத்த கடலை. 2006-இல் இதைத் தென் கரோலினா தன் மாநில நொறுக்குத் தீனியாகச் சட்டம் போட்டே அறிவித்திருக்கிறது.

வடக்கேயிருந்து வரும் அமெரிக்கர்களுக்கு இது பிடிப்பதில்லையாம். கடலை என்றால் வறுத்து மொறுமொறுவென்று இருக்க வேண்டும், இது கொழகொழவென்று பயறு போல் இருக்கிறது என்பது அவர்கள் புகார். கடலையும் பயறு சாதிதானே, வேறு எப்படி இருக்கும்? எனக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை, உப்புதான் நம்மூரைவிட மூன்று மடங்கு. காரப் பானைக் கடலையைத் தோலோடு உறிஞ்சித் தின்றால் உதடு எரிகிறது. பிரமாதம்.

பெரிய கப் ஐந்து டாலர். "எண்பதால பெருக்காதக்கா" என்றான் தம்பி. பெருக்கித்தான் பார்த்தேன். வாங்கிய கப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பின் சீட்டில் வைத்தோம். ஒரு வளைவில் கப் சாய்ந்து, பை எங்கேயோ கிழிந்து, உப்புத் தண்ணீர் முழுவதும் சீட்டுக்குள் இறங்கிவிட்டது. வீடு வந்து தண்ணீர் விட்டுத் துடைத்தும் வெள்ளைத் திட்டு போகவில்லை. தம்பி மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 28, வியாழன் – நன்றி சொல்லும் நாள் (தாங்க்ஸ்கிவிங்)

காலையிலிருந்து மழை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் வெள்ளைக்கார வயதான தம்பதி எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள், பேரன் பேத்தி, நாங்கள் நாலு பேர். கையைக் கோத்துக்கொண்டு ஜெபம். யாருக்கு இறைச்சி ஆகாது, யாருக்கு மாடு ஆகாது என்று முன்கூட்டியே தம்பி மனைவியிடம் கேட்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் சீட்டு எழுதி வைத்திருந்தார் அந்த அம்மா. அந்த மரியாதை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. அதனால்தான் பேரிக்காயை மறுக்க முடியவில்லை.

டின்னிலிருந்து எடுத்த பாதிப் பேரிக்காய். அதன் குழியில் ஒரு கரண்டி மயோனைஸ். அதன்மேல் துருவிய மஞ்சள் சீஸ். உச்சியில் சிவப்புச் செர்ரி. இதற்குப் பெயர் சாலட். அந்த மயோனைஸ் டியூக்ஸ் கம்பெனியுடையதாகத்தான் இருக்க வேண்டுமாம். 1917 வாக்கில் தென் கரோலினாவின் கிரீன்வில் ஊரில் யூஜினியா டியூக் என்ற பெண்மணி முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்களுக்குச் சாண்ட்விச் செய்து விற்று வளர்த்த வியாபாரம் அது. மற்றவற்றைப் போல் சர்க்கரை சேர்ப்பதில்லை என்று பெருமையோடு சொன்னார். சர்க்கரையைத்தான் பேரிக்காய் கொடுத்துவிடுகிறதே.

இனிப்பு, புளிப்பு, எண்ணெய், சீஸின் உப்பு, எல்லாம் ஒரே வாயில். விழுங்கிவிட்டேன். அடுத்து பச்சை ஜெல்லி. எலுமிச்சை ஜெலட்டினுக்குள் அன்னாசி, கிரீம் சீஸ், கொட்டைப் பருப்புகள் எல்லாம் உறைந்து நிற்க, தட்டை நகர்த்தினால் ஆடுகிறது. அதுவும் சாலட்தான், சாப்பாட்டோடு சேர்த்துத்தான் தின்ன வேண்டும். சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்து, வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு, மேலே மார்ஷ்மெல்லோ அடுக்கிச் சுட்டது இன்னொன்று. கிழங்கு என்ன பாவம் செய்தது? வேகவைத்து அப்படியே கொடுத்தால் இரண்டு கிழங்கு தின்றிருப்பேன்.

இந்த நாளின் முக்கியப் பண்டமான வான்கோழி பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, சனிக்கிழமை சாலி என்ற ஊரில் நடக்கும் சிட்லின்ஸ், அதாவது பன்றிக்குடல், திருவிழாவுக்குப் போகிறோம் என்றேன். மேஜையே சிரித்தது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டுப் பெரியவர் மட்டும், "எங்கம்மா வீட்டுக்குள்ள வேகவைக்க விட மாட்டாங்க. கொல்லையில அடுப்பு மூட்டித்தான்" என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எப்பவாவது."

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி மகள் கேட்டாள், "அத்தை, பேரிக்காய் சாலட் பிடிச்சுதா?" பிடிச்சுது என்றேன்.

நவம்பர் 30, சனி – சாலி, தென் கரோலினா

விடியற்காலை கிளம்பினோம். வெளியே புல்லெல்லாம் உறைபனி. தம்பி மகளும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டாள், சினேகிதிகளுக்குப் படம் அனுப்பவேண்டுமாம்.

சாலி சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர். 1966-இல் கிறிஸ்துமஸுக்கு ஊரில் விளக்கு அலங்காரம் செய்யக் காசு இல்லாமல், பணம் திரட்டத் தொடங்கியதுதான் இந்த சிட்லின் ஸ்ட்ரட். நன்றி சொல்லும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை நடக்கும். பன்றியைக் கூவிக் கூப்பிடும் போட்டி, நெஞ்சை நிமிர்த்தி நடந்து ஆடும் ஆட்டப் போட்டி, ராட்டினம் எல்லாம் உண்டு. வண்டியை ஒரு வயலில் நிறுத்தக் காசு வாங்கினார்கள். கீழே சேறு; என் செருப்பின் வார் அங்கேயே அறுந்தது. மீதி நாள் முழுவதும் தம்பி மகளின் உபரிக் காலுறையோடு, ரப்பர் பேண்டு சுற்றிய செருப்பில் நடந்தேன்.

வாசம் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வயலிலேயே வந்துவிட்டது. வீட்டில் குடலை அலசும்போது, மஞ்சள் போடுவதற்கு முன் ஒரு வாடை எழுமே, அதுதான், ஊர் முழுக்க. தம்பி மகள் ஸ்கார்ஃபை மூக்குவரை ஏற்றிக்கொண்டாள். தம்பி, "நான் வண்டியில இருக்கேன்" என்றான். "சேத்துல நிக்கிற வண்டிக்குக் காவலா?" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

வரிசை நீளம். எங்களுக்கு முன்னால் நின்றவர் ஆரஞ்ச்பர்க்கிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்து, "தெரிஞ்சுதான் நிக்கிறியா, இல்ல வழி தவறிட்டியா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஆட்டுக்குடல் சமைப்போம், பன்றி இல்லை என்றேன். அவ்வளவுதான், முக்கால் மணி நேர வரிசை போன இடம் தெரியவில்லை.

அவர் சொன்னது: கடையில் பத்துப் பவுண்டு வாளியாக உறையவைத்து வரும். ஒவ்வொரு துண்டாக விரித்து உட்புறக் கொழுப்புச் சவ்வைக் கையால் உரித்து எடுக்க வேண்டும். மூன்று நான்கு தண்ணீர் மாற்ற வேண்டும். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் எழுந்திருக்கலாம். சுத்தம் செய்து வேகவைத்தபின் அத்தனை பெரிய வாளியில் ஒரு கிண்ணம்தான் மிஞ்சும். பானையில் வெங்காயம், வினிகர், காய்ந்த மிளகாய். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். அந்த நாளில் கைக்குழந்தையை அடுப்படிக்குள் விடக் கூடாது. பச்சைக் குடலைத் தொட்ட கையால் பால் புட்டியைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ரத்த பேதிவரை போய்விடும். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. அதில் இருக்கும் எர்சினியா கிருமி பற்றி இங்கே சுகாதாரத் துறையினர் பண்டிகைக் காலத்தில் எச்சரிக்கை விடுகிறார்கள்.

நான் எங்கள் முறையைச் சொன்னேன். குச்சியை விட்டு உள்ளை வெளியே புரட்டுவது, கல்லுப்பு, மஞ்சள், வெந்நீர். அம்மா மற்றவர்கள் வீட்டில் கோழி சாப்பிடுவாள், குழம்பு சாப்பிடுவாள், குடல் மட்டும் தொடமாட்டாள். எப்படிக் கழுவினார்களோ என்பாள். அந்தப் பெண்மணி என் தோளில் தட்டிச் சிரித்தார். அவரும் அப்படித்தானாம். அம்மா, அக்கா, தேவாலயத்தில் ஒரே ஒருவர், இவர்கள் பானை தவிர வேறு யார் பானையிலும் கை வைக்க மாட்டாராம். அப்புறம் இங்கே எதற்கு நிற்கிறீர்கள் என்றேன். அக்கா போய்விட்டார், தனக்கு முழங்கால் வலி, வாளி எதிரே உட்கார முடிவதில்லை என்றார்.

பிறகு அவர் கேட்டார்: "ஆட்டுக்குடல் சாப்பிடுவே. பன்னி ஏன் சாப்பிடறதில்ல? சாமி விஷயமா?"

சாமி விஷயம் இல்லை என்று மட்டும் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். எங்கள் தெருவில் யாரும் பன்றிக்கறி வாங்க மாட்டார்கள். வாங்குகிறவர்கள் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். அது அசுத்தம் தின்னும் பிராணி என்று சொல்லித் தருவார்கள், ஆனால் அசுத்தம் என்று அவர்கள் கை காட்டும் திசை பன்றியோடு நிற்காது. இங்கே கதை வேறு உருவில். பண்ணை முதலாளி தொடையையும் முதுகையும் வைத்துக்கொண்டு, குடல், கால், காது, தாடையை அடிமைகளுக்குத் தள்ளினான். அவர்கள் மணிக்கணக்காகக் கழுவி அதைச் சாப்பாடாக்கினார்கள். ஏழை வெள்ளையரும் அதையே தின்றார்கள். பிறகு கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தம்பிக்குப் பேக்கன் ஆகிறது, குடல் ஆகவில்லை என்றால் அதற்குப் பன்றி காரணம் இல்லை.

இரண்டு விதமாகக் கொடுத்தார்கள், வேகவைத்தது, மாவில் தோய்த்துப் பொரித்தது. பத்து டாலருக்கு மேல் ஒரு தட்டு. பொரித்தது சுலபம், மெல்ல மெல்ல உப்பும் எண்ணெயும். வேகவைத்ததுதான் பரீட்சை. சாம்பல் நிறச் சுருள்கள், வழுவழுப்பான சாறு. மிளகாய்ச் சாஸை நிறைய ஊற்றச் சொன்னார் ஆரஞ்ச்பர்க் அம்மா. முதல் வாய் தொண்டையில் நின்றது, பன்றிக்குடல் என்ற நினைப்பினால். இரண்டாவது வாயில் நாக்கு வேலையைப் பார்த்தது. ஆட்டுக்குடலைவிடக் கொழுப்பு, வாடை ஒரு படி தூக்கல். நம் மசாலா இல்லாததால் ஒளிய இடமே இல்லை. எனக்கு மறுபடி கிடைத்தால் சாப்பிடுவேன், தேடிப் போகமாட்டேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்தில் விற்ற ஹேஷ். பன்றித் தலைக்கறி, ஈரல் போன்றவற்றைப் பெரிய இரும்புக் கொப்பரையில் கரைகிற அளவுக்கு வேகவைத்து, வெள்ளைச் சோற்றின்மேல் ஊற்றித் தருகிறார்கள். சோறும் குழம்பும்! பக்கத்திலேயே மஞ்சள் கடுகுச் சாஸ். தம்பியும் சாப்பிட்டான், தலைக்கறி என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. தம்பி மகள் பொரித்த குடலில் ஒரு துண்டு கடித்துவிட்டு, "சிக்கன் தோல் மாதிரிதான் இருக்கு" என்று படத்துக்குக் கீழே எழுதி அனுப்பினாள்.

டிசம்பர் 1, ஞாயிறு – அலபாமா வழியே

பிள்ளைக்குப் பள்ளி இருப்பதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நாள் முழுக்க நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் பைன் மரம், பாதி வழி மழை. சாலையோரக் கடை ஒன்றில் பெரிய கண்ணாடி ஜாடியில் பன்றிக் கால்கள் வினிகரில் ஊறிக்கொண்டிருந்தன, இளஞ்சிவப்பாக. நான் ஜாடியைக் குனிந்து பார்த்தபோது கடைப்பையன், "யாரும் வாங்கறதில்ல மேடம், தாத்தா காலத்து ஆளுங்க மட்டும்" என்றான். பாயா தின்னுகிற எனக்கே குளிர்ந்த கால் வேண்டாம் என்று தோன்றியது. மோட்டலில் ஹீட்டர் ராத்திரி முழுக்க லாரி போல் உறுமியது.

டிசம்பர் 3, செவ்வாய் – ஜாக்சன், மிசிசிப்பி

ஃபாரிஷ் தெரு ஒரு காலத்தில் ஜாக்சனின் கறுப்பின மக்களுடைய கடைத்தெரு. இப்போது பாதிக்கு மேல் பலகை அடித்த கட்டடங்கள். நடுவில் பிக் ஆப்பிள் இன். 1939-இல் மெக்சிகோவிலிருந்து வந்த ஹுவான் மோரா தொடங்கியது. கறிக்கடைக்காரர் சும்மா கொடுத்த பன்றிக் காதுகளிலிருந்து பிறந்தது இவர்களின் காது சாண்ட்விச். முதலில் இரண்டு நாள் வேகவைப்பார்களாம், பிரஷர் குக்கர் வந்தபின் இரண்டு மணி நேரம்.

சின்ன பன், அதற்குள் ஒரு காது, கோஸ் துருவல், கடுகு, காரச் சாஸ். விலை இரண்டு மூன்று டாலருக்குள். காரம் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம் வேண்டும் என்றேன். கொடுத்தபின் போகாமல் நின்று பார்த்தார், புது ஆள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு போலிருக்கிறது. காது பன்னுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கடித்தால் மெத்தென்ற தோல், நடுவில் மெல்லிய குருத்தெலும்பு. தலைக்கறிக் குழம்பில் ஆட்டுக்காதுக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும், அதனால் எனக்கு இது பழகிய பல்வேலை. காரம் சுள்ளென்று ஏறியது. இன்னொன்று வாங்கினேன். அந்தப் பெண் ஜெயித்தவர் போலத் தலையாட்டினார்.

இந்தக் கடைக்கு மேலே மாடியில்தான் மெட்கர் எவர்ஸ் தன் அலுவலகத்தை வைத்திருந்தார். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர் ஊராக அலைந்தவர். 1963 ஜூன் 12 அன்று இதே ஊரில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். மாடிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் கீழே இந்தக் காதைத்தான் தின்றிருப்பார்கள். தம்பி அதுவரை சாஸேஜ் சாண்ட்விச் மட்டும் போதும் என்று இருந்தவன், ஜன்னல் வழியே மாடியைப் பார்த்துக்கொண்டே என் தட்டிலிருந்த இரண்டாவது காதில் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டான். கேட்டால், "பசிச்சுச்சு" என்கிறான்.

டிசம்பர் 4, புதன் – ஸ்காட், லூயிசியானா

மழை விட்டு வெயில். டிசம்பரில் உடம்பு வியர்க்கிற வெக்கை, மதுரைக்கு வந்துவிட்டேன். நண்டுக்கும் இறாலுக்கும் நடுப்பட்ட கிராஃபிஷ்ஷுக்கு இது பருவம் இல்லை, நல்ல வரத்து வசந்தத்தில்தானாம். அதன் தலையை உறிஞ்சிச் சாப்பிடுவார்கள் என்பதைப் பல அமெரிக்கர்கள் அருவருப்போடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். இறால் தலைக் குழம்பு தெரிந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

ஸ்காட்டில் தெருவுக்கு ஒரு பூடான் கடை. சோறு, பன்றிக்கறி, ஈரல், வெங்காயத்தாள், மிளகாய் எல்லாம் கலந்து குடல் உறையில் அடைத்து ஆவியில் வேகவைத்தது. ஊர்க்காரர்கள் யாரும் முள்கரண்டி எடுப்பதில்லை. வண்டியின் பானெட்மேல் காகிதத்தை விரித்து, ஒரு முனையைக் கடித்து, பல்லால் பிதுக்கித் தின்கிறார்கள். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெயிண்ட் வேலைக்காரர் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார், உறையைத் தின்னாதே, நாய்க்கும் போடாதே என்றார். கூடவே கிராக்லின் வாங்கித் தந்தார். கொழுப்புத் தோலைப் பொரித்தது, கையெல்லாம் எண்ணெய். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை.

காரமான ஈரல் சோறு, அவ்வளவுதான் அது. இந்தச் சுற்றில் நான் தின்றதிலேயே முதலிடம் இதற்குத்தான். தம்பி ஒன்றை முடித்து, இன்னும் இரண்டு வாங்கப் போனான். வரிசையில் நின்றபடியே திரும்பி, "உள்ள என்னக்கா போட்டிருக்கான், இவ்வளவு நல்லா இருக்கு?" என்று கத்தினான்.

"சோறுடா" என்றேன்.